குருவித் தீவுக்கு நான் எழுதிக் கொடுத்த வழி

ஏட்டையா, அந்தத் தொப்பியைக் கொஞ்சம் மடியில் எடுத்து வச்சுக்கிட்டீங்கன்னா நான் உட்கார்ந்துக்குவேன். நல்லா இருங்க. மணி என்ன? பதினொன்று பத்தா? அப்போ இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கு. இந்த பஸ் கீழவாடிக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டே முக்கால் ஆகும், டிரைவர் இறங்கி டீ குடிக்காமல் இருந்தால். பத்தாது. அதனால் பன்னிரண்டு மணிக்கு உங்க போனை ஒரு தடவை எனக்குத் தரணும். இப்போ வேண்டாம், இப்போ போட்டால் கிடைக்காது. காலையிலிருந்து போட்டுப் போட்டு என் போன் செத்துக் கிடக்கு, பாருங்க.

குடிச்சிருக்கேனான்னு பார்க்கிறீங்க. ஊதிக் காட்டட்டுமா? இல்லை. கேளுங்க. கடலில் ஒரு உல்லாசப் படகு போய்க்கொண்டிருக்கு. வெள்ளைப் படகு, பாய் வச்சது, யாட்ச் என்று சொல்கிறார்கள். அதில் ஈரோட்டுக்காரர் ஒருத்தர், அவர் மனைவி, அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். ஓட்டக் கொச்சிக் கேப்டன் ஒருத்தர், வழி காட்ட என் மருமகன் கித்தேரியான். சமைக்க என் மகள் செலஸ்தீனாள். பன்னிரண்டு மணிக்குக் கீழவாடிக்கு நேராக நங்கூரம் போட்டுச் சாப்பிடுவார்கள். அங்கேதான் போன் எடுக்கும். ஒரு மணிக்குத் தண்ணீர் ஏறும். ஏறினதும் குருவித் தீவுக்கும் சங்குமால் தீவுக்கும் நடுவில் இருக்கிற சந்துக்குள் நுழைவார்கள். நுழைந்தால் கல்லில் ஏறுவார்கள். அந்த வழியைத் தாளில் எழுதிக் கொடுத்தது நான்.

அவசரப்படாதீங்க. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். எப்படியும் பன்னிரண்டு மணி வரைக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

என் பேர் தொபியாஸ். புன்னைவாடியில் இறங்கித் தொபியாஸ் தண்டல் வீடு எங்கே என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். தண்டல் என்றால் தெரியுமில்லையா? தோணியை ஓட்டுகிற தலைவன். கொழும்பு, மாலத்தீவு, மினிக்காய், நான் போகாத தீவு கிடையாது. ஒரு தடவை மாலத்தீவில் குதித்த கோலா மீன் ஒன்று பறந்த பறப்பில் எங்களோடேயே வந்து, கொழும்புத் துறைமுகத்தில் எண்ணெய்ச் சட்டியில் விழுந்தது. எண்ணெய் சரியான சூட்டில் இருந்தது, ஏட்டையா. சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் கேட்பார்கள்.

அந்த ஈரோட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் வினை.

நாச்சிமுத்து அவர் பேர். மஞ்சள் மண்டி வச்சிருக்கிறார். பிள்ளைகள் பரீட்சை முடிந்ததும் கடலில் நாலு நாள், சொந்தமாக ஒரு படகில், தீவு தீவாகச் சுற்றணும் என்று ஆசை. கொச்சியிலிருந்து படகை வாடகைக்குப் பேசிவிட்டார். படகோடு ஒரு கேப்டனும் வருவார், அவருக்குப் படகு தெரியும், எங்க தண்ணீர் தெரியாது. அதற்கு ஆள் தேடிக்கொண்டு டீக்கடையில் விசாரித்திருக்கிறார். அங்கே இருந்த பயல்கள், "தொபியாஸ் தண்டலைப் பாருங்க சார்" என்று கையைக் காட்டிவிட்டான்கள். கேலிக்குத்தான் காட்டினார்கள். எனக்குத் தெரியாதா?

வந்தார். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்தார். அப்படி யார் வருகிறார்கள் இப்போ? "ஏனுங்க கேப்டன், புள்ளைங்களுக்கு ஆமை காட்ட முடியுங்களா?" என்றார்.

"ஆமையா? ஆமை வந்து புள்ளைங்க பேரைக் கேட்கும்" என்றேன்.

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டார், ஏட்டையா! நாற்பது வருஷமாகப் பேசுகிறேன், நான் சொன்னதை ஒருத்தன் எழுதிக்கொண்டதில்லை.

எட்டு நாள் வந்தார். அவர் காரில்தான் உட்காருவோம், குளுகுளு என்று. மடியில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, முதல் நாள் எங்கே, இரண்டாம் நாள் எங்கே என்று திட்டம் போட்டோம். தீவில் இறங்க வனத்துறை விடாது என்று சொன்னேன். முகம் வாடிப்போனது. "தீவு பாக்கப் போயி தீவுல கால் வெக்காம வர்றதுங்களா?"

"ஐயா, கோயிலுக்குப் போனா சாமி மேல ஏறியா நிக்கிறோம்? சுத்தித்தானே வர்றோம்?"

அதையும் எழுதிக்கொண்டார்.

சாமான் பட்டியல் முழுக்க என்னுடையது. அரிசி இத்தனை, புளி இத்தனை, அவர் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மீன் ஆகாது, அதற்குத் தனிச் சட்டி. படகு ஆடும்போது அடுப்பில் பாதிச் சட்டிக்கு மேல் குழம்பு வைக்கக் கூடாது. பிரிட்ஜ் இருக்கு என்று மீனை அப்படியே உள்ளே போடக் கூடாது, குடலை எடுத்து உப்புத் தண்ணீரில் அலசி வைக்கணும். எலுமிச்சை அறுபது. நாற்பது பேருக்கு வாந்தி வந்தாலும் நிற்கும். "இத்தனை விவரம் எந்த கேப்டனுக்குங்க தெரியும்?" என்று அவர் மனைவியிடம் போனில் சொன்னார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ராத்தங்க நல்ல இடமாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். குருவித் தீவுக்கும் சங்குமால் தீவுக்கும் பின்னால், அந்தச் சந்துக்குள் நுழைந்தால் ஒரு தண்ணீர் இருக்கு, குளம் மாதிரி. அலை கிடையாது. அடியில் கிடக்கிற ஊசி தெரியும். கடல்பசு குட்டியோடு வந்து ஞாயிற்றுக்கிழமைக் கோயில் மணிக்குத் தலையைத் தூக்கும். அவர் இரண்டு பிள்ளைகளும் அதைப் படமாக வரைந்து எனக்குக் கொடுத்து அனுப்பினார்கள். கடல்பசுவுக்குக் கொம்பு போட்டிருந்தார்கள்.

இப்போ மணி என்ன? சரி.

எட்டாவது நாள் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றார். "கேப்டன், தப்பா எடுத்துக்காதீங்க. எழுபது தாண்டினவங்களைப் படகுல ஏத்தக் கூடாதுங்களாம். இன்சூரன்ஸ்காரங்க சொல்றாங்க. வழி காட்ட வேற ஒரு ஆளைப் படகுக்காரங்களே ஏற்பாடு பண்ணிக் குடுத்துட்டாங்க. நீங்க அந்தச் சந்துக்கு மட்டும் வழி எழுதிக் குடுத்தீங்கன்னா போதுங்க."

போதுமாம். நான் என்ன, தபால்காரனா?

எழுதிக் கொடுத்தேன். அப்போதே, அவர் பேனாவாலேயே.

இதை நீங்க சரியாக விளங்கிக்கணும் ஏட்டையா, இல்லாவிட்டால் என்னைப் பொல்லாதவன் என்று நினைப்பீங்க. எங்க கடலில் வழி என்பது கணியம். கரையில் இருக்கிற இரண்டு அடையாளத்தை ஒரே நேராக்கிப் பார்க்கிறது. இந்தப் பனைக்கு நேராக அந்தக் கோபுரம் வந்தால் இங்கே மீன், இந்தப் பாறைக்கு நேராக அந்த வீடு வந்தால் அங்கே கல், அப்படி. ஒருத்தன் கணியம் அவன் சொத்து. அந்நியன் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டோம். இல்லை என்றும் சொல்ல மாட்டோம், மரியாதை இல்லை. பொய்க் கணியம் ஒன்று சொல்லி அனுப்புவோம். கேட்டவனுக்கும் அது தெரியும், அவனும் அதை நம்ப மாட்டான். அதுதான் வழக்கம். நான் எழுதினது அந்த வழக்கப்படி. கோபத்தில் இல்லை. கோபம் இருந்தது, அது வேற. எவனோ ஒருத்தன் வழி காட்டப் போகிறான், இந்தத் தாளைப் பார்த்தால் சிரித்துவிட்டுக் கடலில் போட்டுவிடுவான். எழுதும்போது எனக்கு அதுதான் நினைப்பு.

என்ன எழுதினேன் என்றால், "கீழவாடி மாதா கோயில் சிலுவைக்கு நேரே உப்பு மில் புகைக்கூண்டு மறையும்போது திரும்பி நேராக உள்ளே வரவும்." அந்தக் கோட்டில் தண்ணீர் நாலடி, நிறைஞ்ச தண்ணீரில். எங்க வள்ளம் போய்விடும். அந்த யாட்சுக்கு அடியில் ஏழடிக்கு ஒரு இரும்பு நாக்கு தொங்குது.

ஆழம் காட்ட மிஷின் இருக்கே என்கிறீங்க. இருக்கு. அந்தச் சந்து வந்ததும் மிஷினில் அளக்காத இடம் என்று கோடு கோடாக வரும், நாச்சிமுத்துவே காட்டினார். அதனால்தானே ஆளைத் தேடினார்கள்.

காலையில் ஆறு மணிக்கு மகள் போன் போட்டாள். நாங்கள் அதிகம் பேசுவதில்லை. பிணக்கு அவளோடு இல்லை, அவள் புருஷனோடு. காரணத்தைச் சொல்கிறேன். எங்க பக்கம் பெண்ணைக் கொடுக்கும்போது தண்டல் தன் கணியத்தையும் மருமகனுக்குச் சொல்லிக் கொடுக்கணும். நகை வேற, அது வேற. பந்தியில் வைத்து எல்லாருக்கும் முன்னால் கித்தேரியான் கேட்டான், "மாமா, கணியம்?" "வருது வருது, முதல் பிள்ளை பிறக்கட்டும்" என்றேன். பிறந்தது. "ஞானஸ்நானம் ஆகட்டும்" என்றேன். ஆனது. "நீ இன்னும் சுக்கான் பிடிக்கப் பழகலை" என்றேன். பதினொரு வருஷம். கடைசியில் அவன் என் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டான். தரமாட்டேன் என்றா சொன்னேன்? வருது என்றுதானே சொன்னேன்?

மகள் போனில் அழுகிறாள். சந்தோஷத்தில். "அப்பா, அந்த ஈரோட்டுச் சார் படகுக்கு இவருதாம்ப்பா போறாரு. நானும் சமைக்கப் போறேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு, நீங்க கோபப்படுவீங்கன்னு. இப்போ சார் உங்க தாளை இவருகிட்ட குடுத்தாருப்பா. உங்க கையெழுத்தைப் பார்த்துட்டு இவரு அப்படியே உட்கார்ந்துட்டாரு. 'உங்கப்பா கடைசியில குடுத்துட்டாரு செலஸ்தீ, நேரா குடுக்க வெக்கப்பட்டு இப்படிக் குடுத்திருக்காரு'ன்னு சொல்லி, மாதா படத்தோட சேர்த்து மடிச்சுச் சட்டைப்பையில வச்சிருக்காரு."

விளங்குதா? அந்நியன் என்றால் தாளை நம்பியிருக்க மாட்டான். மருமகன், நம்பிவிட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிம்மா. பார்த்துப் போங்க" என்றேன்.

அப்படிப் பார்க்காதீங்க. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் அழுதுகொண்டு சிரித்தாள். எந்த இடத்தில் நுழைந்து சொல்வது? வச்சுவிட்டாள். அடுத்த நிமிஷம் திரும்பப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. தமிழில் சொன்னது, ஆங்கிலத்தில் சொன்னது. அதற்குப் பிறகு நாற்பது தடவை போட்டிருப்பேன். சரி, பன்னிரண்டு தடவை.

கண்டக்டர் தம்பி, ஆட்டுக்காக எல்லாம் பஸ்ஸை நிப்பாட்டுவீங்களா? ஏறி மிதிக்கச் சொல்லலை, ஹாரன் அடிக்கச் சொல்லு!

மணி ஆச்சா? போடுங்க, நம்பர் சொல்கிறேன்.

ஹலோ. செலஸ்தீ, அப்பா. போலீஸ்காரர் போன்மா. எனக்கு ஒண்ணும் ஆகலை. எங்க நிக்கிறீங்க? கீழவாடிக்கு நேரா, சரி. அவன்கிட்ட குடு. சாப்பிட்டா சாப்பிடட்டும், கை கழுவாம வாங்கச் சொல்லு.

மருமகனே, நான்தான். இருக்கட்டும்யா, நன்றியெல்லாம் அப்புறம் சொல்லலாம். அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு. பொய்யிப்பா. ஆமா, பொய்க் கணியம். ஈரோட்டுக்காரருக்குன்னு எழுதினது, நீ போறேன்னு எனக்குத் தெரியாது. என்னது? உண்மையானதா? உண்மையானது வந்து... சிலுவைக்கு நேரா புகைக்கூண்டு இல்லை. அதுக்குத் தெக்கால தண்ணித் தொட்டி இருக்குல்ல, அது. இடிச்சுட்டாங்களா? எப்போ? அப்போ அந்தப் பழைய ஐஸ் கம்பெனிச் சுவரு, அதுக்கு நேரா... ஹலோ? மருமகனே?

வச்சுட்டான்.

என்ன சொன்னான் தெரியுமா? "பதினோரு வருஷம் கழிச்சுக் குடுத்தீங்க. என் கைக்கு வந்துடுச்சுன்னு தெரிஞ்சதும் பொறுக்கலை. ஒரு நிமிஷத்துல மூணு வழி சொல்றீங்க. குடுத்ததைப் பிடுங்காதீங்க மாமா, நான் திருப்பித் தரமாட்டேன்." அவ்வளவுதான். பின்னால் அந்தப் பிள்ளைகள் கைதட்டுகிற சத்தம்.

இன்னொரு தடவை போட்டு என்ன செய்ய? நான் சொன்னால் அவன் இன்னும் வேகமாக உள்ளே போவான்.

ஏட்டையா, என் மேல் ஒரு கேஸ் போடுங்க. விளையாட்டுக்குச் சொல்லலை. நோட்டை எடுங்க. பொய் வழி எழுதிக் கொடுத்தேன், ஆளைக் கொல்லப் பார்த்தேன், எந்த நம்பரோ அந்த நம்பரைப் போட்டுக்கோங்க. நீங்க பேசி, இந்தக் கிழவன் ஸ்டேஷனில் ஒத்துக்கிட்டான் என்று சொன்னால் நம்புவான். காக்கிச் சட்டை பேசினால் படகு நிற்கும். உங்க காலில் விழணுமா? இந்த நெரிசலில் விழ இடமில்லை, இருந்தால் விழுவேன்.

எழுதுங்க. பேர் தொபியாஸ். வயது எழுபத்து நாலு. ஊர் புன்னைவாடி. தொழிலா?

தொழில் எழுதணுமா?

அந்தச் சந்துக்கு உண்மையான வழி என்ன என்று நீங்களும் கேட்கப் போறீங்க. அதைச் சொன்னால் அவன் நம்புவான் என்று. சொல்லியிருக்க மாட்டேனா? எனக்குத் தெரியாது, ஏட்டையா. எந்தச் சந்துக்கும் வழி தெரியாது. அந்தக் குளம், அந்தத் தண்ணீர், ஒன்றையும் நான் பார்த்ததில்லை. கடல்பசு செத்துக் கரை ஒதுங்கினதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தத் தாளில் எழுதினது, சிலுவையும் புகைக்கூண்டும், அது பொய் இல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரே கணியம் அது. நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் எங்க தோணி அந்தக் கோட்டில்தான் உடைந்தது. ஏழு பேர். விடியும்போது சோற்று அண்டாவைப் பிடித்துக்கொண்டு மிதந்தேன். கண்ணுக்கு எதிரே சிலுவை, அதற்குப் பின்னால் புகைக்கூண்டு, ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு. அதையே பார்த்துக்கொண்டு ஆறு மணி நேரம். மற்ற ஆறு பேரும் போய்விட்டார்கள். கரையில் என்னைத் தூக்கினவர்கள், "தண்டல் யாரு? தண்டல் எங்கே?" என்று கேட்டார்கள். வேறு துறையிலிருந்து வந்த தோணி, அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. குளிருக்குப் போர்வை முதலில் தண்டலுக்குத்தான் கொடுப்பார்கள் என்று நினைத்தேனோ என்னவோ. அதற்குப் பிறகு கையை இறக்க முடியவில்லை. இனிக் கடலில் கால் வைக்க மாட்டேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லிவிட்டேன். புன்னைவாடியிலேயே தங்கிவிட்டேன், ஊர் மரியாதை செய்தது. பெண் கொடுத்தது.

எழுபது தாண்டினவனை ஏற்ற மாட்டோம் என்று அந்த ஈரோட்டுக்காரர் சொன்னபோது, முதலில் எனக்கு மூச்சு வந்தது, ஏட்டையா. அதற்குப் பிறகுதான் கோபம். பேனாவைப் பிடித்ததும் கை எழுதினது அந்தச் சிலுவையைத்தான். வேற எதுவும் அதற்குத் தெரியாது.

எழுதுங்க. தொழில், சமையல். தோணியில் சமையல்காரன். அடித்துத் திருத்தாதீங்க, தெளிவாக எழுதுங்க.

பேசுங்க. எடுத்துட்டானா? நீங்களே படிச்சுச் சொல்லுங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். பின்னால் என்ன, இன்ஜின் சத்தமா? ஒரு மணி ஆகலையே, அதுக்குள்ள நங்கூரத்தைத் தூக்கிட்டாங்களா? சீக்கிரம் சொல்லுங்க. அதைச் சொல்லுங்க, சமையல்காரன் என்பதைச் சொல்லுங்க.

என்னிடமா? கேட்கிறானா?

மருமகனே. ஆமா. ஏட்டையா சொன்னதுதான். கதை இல்லைப்பா.

அன்னைக்குப் பந்தியிலயா? நீ கேட்டப்போ நான் குடுக்காம வச்சிருந்தது என்னன்னா கேட்கிறே? ஒண்ணுமில்லை மருமகனே. எங்கிட்ட ஒண்ணுமே இல்லை. இருந்திருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன், ஆண்டவர் சத்தியமா. இல்லாததை எப்படிக் குடுக்க?

இன்னும் லைனில் இருக்கிறான், ஏட்டையா. இன்ஜின் ஓடுது. கேளுங்க, நீங்களும் காதை வையுங்க. ஓடுது. இன்னும் ஓடுது.

இப்போ? கேட்டுதா?

சங்கிலி. நங்கூரச் சங்கிலி. ஓடுது பாருங்க, கடகடகடவென்று. விடு, இன்னும் விடு. நின்னுடுச்சு. இன்ஜினும் நின்னுடுச்சு.

இருங்க, போனை வாங்காதீங்க, மகள் பேசுகிறாள். சொல்லும்மா. திட்டு. அந்த ஈரோட்டுச் சாரையும் திட்டச் சொல்லு, பிள்ளைகளுக்கு முன்னால வேண்டாம். என்ன? சத்தமாச் சொல்லு.

அம்மாவுக்குத் தெரியுமான்னா?

உங்கம்மாவுக்கு... கல்யாணமான மூணாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். நான் மீன் குழம்பு வச்சேன். ஒரு வாய் தின்னுட்டு என் கையையே பார்த்தாம்மா. இன்னொரு அகப்பை ஊத்தச் சொன்னா. ஊரே தண்டல் தண்டல்னு கூப்பிட்டுது, அன்னையிலிருந்து அவ ஒரு நாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.